12 வோல்ட்தானே என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு படகு. வார இறுதியில் குடும்பத்தோடு சிங்கப்பூரின் உபின் தீவுப் பக்கம் போய் மீன் பிடித்து, படகிலேயே பேட்டரியில் ஓடும் மின்சார அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். கேபின் கதவைத் திறந்ததுமே கருகிய பிளாஸ்டிக் வாடை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் கேபிளைப் பொருத்தும் உலோக வளையம், அதாவது லக், சூட்டில் நிறம் மாறியிருந்தது, அதன் சிவப்பு உறை உருகி வழிந்து பேட்டரி மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே லைஃப் ஜாக்கெட்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகுக்காரர் கேட்டது நான் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கேள்விதான்: “12 வோல்ட்தானே அண்ணே, தொட்டால் ஷாக்கே அடிக்காதே, அது எப்படித் தீப்பிடிக்கும்?”

12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் தீப்பிடிப்பதற்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் 1800 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பை 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் கம்பியில் ஓடுவது 8 ஆம்பியருக்கும் குறைவு. அதே அடுப்பை இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 170 ஆம்பியர். வோல்ட் குறைந்ததால்தான் ஆம்பியர் இப்படி ஏறுகிறது. கம்பியைச் சுட வைப்பது ஆம்பியர்தான், அதுவும் இரண்டு மடங்கு ஆம்பியருக்கு நான்கு மடங்கு சூடு என்று ஏறும். லக்கைச் சரியாக கிரிம்ப் செய்யாமல் இடுக்கியால் நசுக்கிவிட்டு, போல்ட்டைக் கையாலேயே முறுக்கிவிட்டுப் போகிறார்கள் பாருங்கள், அந்த இணைப்பில் வெறும் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே போதும், 170 ஆம்பியரில் அங்கே 29 வாட்ஸ் சூடு பிறக்கும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். சோறு வேகிற நேரமெல்லாம் உங்கள் பேட்டரியின் தலைமேல் ஒரு சால்டரிங் அயர்ன் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிளும் அப்படித்தான். கார் ஜம்ப் ஸ்டார்ட் கேபிளை வெட்டிப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்கத் தடிமனாகத்தான் இருக்கும், தடிமன் பாதி ரப்பர். உள்ளே 16 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும், கேபிள் மட்டும் 190 வாட்ஸ் அளவுக்குச் சூடாகும். வோல்ட் குறையக் குறைய இன்வெர்ட்டர் அதை ஈடுகட்ட இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். இந்த அளவு சுமைக்கு நான் 70 சதுர மில்லிமீட்டருக்குக் குறைத்துப் போடுவதில்லை, அதுவும் வெள்ளீயம் பூசிய செம்புதான். நம்ம ஊர் உப்புக்காற்றில் சாதாரணச் செம்பு கொஞ்ச நாளிலேயே உள்ளுக்குள் கறுத்துவிடும். சிம் லிம் டவர் கடைகளில் கேட்டு வாங்கும்போது வெளிச்சுற்றளவைச் சொல்லாமல் செம்பின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஃபியூஸ் இருப்பது அடுப்பைக் காப்பாற்ற இல்லை, கேபிளைக் காப்பாற்ற. கேபிள் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால் அது போடாததற்குச் சமம். அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும், இன்வெர்ட்டர் பக்கம் போட்டுப் பயனில்லை. லித்தியம் பேட்டரி என்றால் ஷார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், மலிவான ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே நெருப்புப்பொறி தாவிக்கொண்டே இருக்கும். கிளாஸ் டி (Class T) வகை வாங்குங்கள், விலை அதிகம்தான், தயவுசெய்து அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரிக்குள் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணித்து அளவு மீறினால் துண்டிக்கும் மின்னணுப் பலகை, இருக்கிறதே என்பீர்கள். 100 ஆம்பியர் பிஎம்எஸ் சுமார் 1280 வாட்ஸில் நின்றுவிடும், அதனால்தான் உங்கள் 1800 வாட்ஸ் அடுப்பு பாதியில் அணைகிறது. அது ஃபியூஸுக்கு மாற்று அல்ல. லெட் ஆசிட் பேட்டரியில் தயவுசெய்து சமைக்கவே வேண்டாம்.

குக்கரில் சேஃப்டி மார்க் இருக்கிறதே என்று இன்னொருவர் காட்டினார். அது வீட்டுச் சுவர் பிளக்கில் அந்தக் குக்கர் பாதுகாப்பானது என்று சொல்கிறது, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை நீங்கள் இழுத்த கம்பியைப் பற்றி அதற்குத் தெரியாது.

கேம்பர்வேன் வைத்துக்கொண்டு பள்ளி விடுமுறைக்கு மலேசியாவில் மெர்சிங், கேமரன் மலை என்று போகிறவர்களுக்கும் இதே கதைதான், ஒரு படி மேல். பேட்டரி பெரும்பாலும் பிள்ளைகள் படுக்கும் கட்டிலுக்குக் கீழே இருக்கும். படகில் இஞ்சின் அறைக்குள் வைப்பார்கள், அதுவும் தப்பு. லித்தியம் பேட்டரிகள் பலவற்றை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது, நம் வெயிலில் மூடிய இஞ்சின் அறை அதைச் சுலபமாகத் தாண்டும்.

கேஸ் வேண்டாம் என்று மின்சார அடுப்புக்கு மாறுவது நல்ல முடிவுதான், நான் ஆதரிக்கிறேன். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தட்டில் போய்த் தேங்கிவிடும். ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். புதிதாக அமைக்கிறீர்கள் என்றால் 24 வோல்ட், முடிந்தால் 48 வோல்ட்டுக்குப் போங்கள், ஆம்பியர் அப்படியே பாதியாக, கால்வாசியாக இறங்கிவிடும். வயரிங்கே வேண்டாம் என்றால் பேட்டரி, ஃபியூஸ், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும், தூக்கிக்கொண்டு போகக்கூடிய பவர் ஸ்டேஷன் வாங்கி, சின்ன ரைஸ் குக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுப்பைக் குறைத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், மலிவான இண்டக்ஷன் அடுப்புகள் குறைந்த சூட்டிலும் விட்டுவிட்டு முழு வேகத்தில்தான் இழுக்கும். நான் எல்லோருக்கும் சொல்வது தெர்மல் குக்கர், சூட்டை உள்ளேயே தக்கவைத்துச் சமைக்கும் மூடிய பாத்திரம். மரினாவில் கரை மின்சாரம் இருக்கும்போதே கறியைக் கொதிக்க வைத்து மூடிவிட்டால், லாசரஸ் தீவு போய்ச் சேர்ந்து பிள்ளைகள் குளித்துவிட்டு வருவதற்குள் அது தானாக வெந்திருக்கும், பேட்டரிக்கு வேலையே இல்லை.

அப்புறம், இப்போதே பொருத்தி வைத்திருப்பவர்கள் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். கரையிலேயே அடுப்பைப் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். அடுப்பை அணைத்து, பேட்டரியின் மெயின் சுவிட்சையும் அணைத்து, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு லக்கின் உறைக்கு மேலும் விரலை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த இணைப்பைச் சரிசெய்யும்வரை அதில் சமைக்காதீர்கள்.