என் வீடு எனக்குத் தெரியாதா?

போன வாரமும் ஒருவர். தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டார், மனைவியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அப்புறம் சான்றிதழ் ஃபைலை எடுத்து வருகிறேன் என்று மறுபடி உள்ளே போனார். அவரைக் குளியலறையில் கண்டெடுத்தோம். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. கக்கத்தில் இருந்த ஃபைலின் ஓரம்கூடக் கருகவில்லை. மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு. அந்தத் துண்டைப் பார்த்து வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

தீயணைப்புப் பயிற்சித் தளத்தில் புதியவர்களைப் பழக்குவது என் வேலை. அங்கே புகை அறை என்று ஒன்று உண்டு. நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரே வாசல். முதலில் வெளிச்சத்தில் சுற்றிக் காட்டுவோம். “இதில் என்ன சார் இருக்கு?” என்று சிரிப்பார்கள். பிறகு ஜன்னலை அடைத்து, புகையை நிரப்பி, முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாகத் தவழ்ந்து போகச் சொல்வோம். சுவரிலிருந்து கையை எடுக்காதே என்பதுதான் முதல் பாடம். எடுப்பார்கள். அத்தோடு திசை போய்விடும்.

ஒரு பையன், நல்ல பலசாலி, வாசல் என்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்து அதற்குள் தவழ ஆரம்பித்துவிட்டான். தொங்கிய கோட்டுகளை விலக்கி விலக்கி வழி தேடினான். கடைசியில் சோர்ந்து உட்கார்ந்துவிட, அரை நிமிடத்தில் அவன் மேல் மாட்டியிருந்த அபாய மணி அலறியது. ஆள் அசையாவிட்டால் தானாகக் கத்தும் கருவி அது. இத்தனைக்கும் நாங்கள் விட்டது மேடைகளில் விடுகிற, சூடில்லாத செயற்கைப் புகை. மூச்சுக்குச் சுத்தமான காற்று வேறு இருந்தது.

அந்தக் குளியலறைக் கதவும் இப்படித் திறந்ததுதான். “கண்ணைக் கட்டிவிட்டாலும் என் வீட்டில் நடப்பேன்” என்பவர்களுக்குச் சொல்கிறேன்: நிஜப் புகையில் கண்ணைத் திறக்கவே முடியாது, நெஞ்சு படபடக்கும், சூடு தரையோடு தரையாக அமுக்கும்.

சரி, மூக்கில் கட்டினால் புகை ஒன்றும் செய்யாது என்று நம்பும் ஈரத் துணிக்கு வருவோம். அது கரித்தூளைக் கொஞ்சம் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. எத்தனை மடிப்பு மடித்தாலும் பிடிக்காது, எவ்வளவு நனைத்தாலும் பிடிக்காது. நிறமும் மணமும் இல்லாத அந்த விஷ வாயு, இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மெத்தையும் சோஃபாவும் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற இன்னொரு விஷ வாயுவும் சேரும். துணி செய்யும் துரோகம் என்னவென்றால், இருமலைக் கொஞ்சம் குறைத்துவிடும். “பரவாயில்லை, தாங்குகிறதே” என்று இன்னும் நான்கு எட்டு உள்ளே வைப்பீர்கள். முதலில் யோசனை குழம்பும், அப்புறம் கால் துவளும். மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்பதும் வீண் கணக்கு. 30 நிமிடம் என்று எழுதியிருக்கும் எங்கள் சிலிண்டரே, பதற்றத்தோடு வேலை செய்தால் மூச்சு வாங்கி 20 நிமிடம் தாண்டாது.

நேரமும் உங்கள் பக்கம் இல்லை. ஃபோம் மெத்தை, செயற்கை இழைத் திரை என்று நிரம்பிய இன்றைய அறை, சோதனைகளில் ஐந்தே நிமிடத்துக்குள் மொத்தமாகப் பற்றியிருக்கிறது. பழைய மரமும் பஞ்சும் கொண்ட அறைக்கு அரை மணி நேரம் ஆனது.

ஆகவே, வெளியே வந்தால் வந்ததுதான். ஃபைல், போன், லேப்டாப், எதற்காகவும் திரும்பாதீர்கள். வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பூட்ட வேண்டாம். தூங்கும்போதும் அறைக் கதவைச் சாத்துங்கள். எங்கள் பயிற்சிக் கட்டடத்தில் இரண்டு அறைகளில் பிளாஸ்டிக் கடிகாரம் மாட்டி, ஒரு கதவைத் திறந்தும் மற்றதைச் சாத்தியும் வைத்து, கூடத்தில் தீ மூட்டிக் காட்டுவோம். திறந்த அறையின் கடிகாரம் உருகி வழிந்திருக்கும். சாத்திய அறையில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் நிற்க மனசு வராது, தெரியும். தயவுசெய்து நில்லுங்கள். எந்த அறை, கட்டில் எந்தப் பக்கம், கதவு எப்படித் திறக்கும் என்று எங்களுக்குச் சொல்ல வெளியில் ஒருவர் வேண்டும். அன்று அவர் மனைவிக்குத் தெரிந்தது ஃபைல் படுக்கையறையில் இருக்கிறது என்பது மட்டும்தான். நாங்கள் முதலில் அங்கேதான் தேடினோம்.