குடியாத்தம் முதல் அல்லேரி வரை: ஆரம்ப சுகாதாரம் யாருக்கு எட்டுகிறது?

வேலூரில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தெல்லாம் ரயிலேறி வருகிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதே மாவட்டத்தில்தான் 2023 மே மாதம், அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் இறந்துபோனது. உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ் சாலை இல்லாமல் பாதி வழியில் நின்றுவிட, பெற்ற தாயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வைத்திருக்கும் அளவு. ஆட்களை மட்டும் எண்ணினால் போதாது. அந்த ஜனங்கள் எத்தனை மேடு பள்ளம் தாண்டி வரவேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, நடந்தே வரும் தூரத்தில் இருப்பவர்களுக்காவது எட்டுகிறதா? குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு அம்மா என்னிடம் வருவார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை, எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். பி.பி. 180க்குக் கீழே இறங்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஆயிரம் பீடி சுத்துனாத்தான் கூலி, டாக்டரம்மா. சீட்டு வாங்கி, வரிசையில நின்னு, மாத்திரை வாங்கறதுக்குள்ள அரை நாள் போயிடுது. தீர்ந்ததும் அப்படியே விட்டுட்டேன்."

'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று சீட்டில் எழுதி அனுப்புவது எங்களுக்குச் சுலபம். ஆனால் மாத்திரை இலவசம்தான் என்றாலும், அதை வாங்க அவர் அரை நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அந்தச் செலவு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவர் பெயரைச் சேர்த்தோம். இப்போது பி.பி. மாத்திரை வீட்டுக்கே போகிறது. உங்கள் தெருவிலும் இப்படிப் பாதியில் நிறுத்தியவர்கள் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், பாம்புக்கடி. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மந்திரிக்கப் போகாமல் நேராக மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விஷமுறிவு ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும். மலையடிவார ஊர்க்காரர்கள், உங்கள் நிலையத்தில் அது இருப்பு உள்ளதா, ராத்திரியில் போட ஆள் இருக்கிறார்களா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.