வெள்ளைக் கட்டைகளோடு நின்றுவிட வேண்டாம்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து என்னிடம் கீபோர்ட் படிக்க வரும் பிள்ளைகளில் பலருக்கு ஏற்கனவே நாலைந்து பாட்டு வாசிக்கத் தெரியும். எல்லாமே சி மேஜரில், வெள்ளைக் கட்டைகளில். பாடுகிறவரின் சுருதி மாறினால், அதே கட்டைகளை வாசித்தபடி சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். மேடை அவசரத்துக்கு அது உதவும். படிக்கும் வயதில் காதையும் விரலையும் வளரவிடாமல் தடுக்கிறது. தோட்டத்துக் கோவில் பஜனையில் சாதாரண ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்தால் அதே பிள்ளை திகைத்துப் போகிறது. அதில் அந்தப் பொத்தான் கிடையாது.

மேஜர் ஸ்கேல் என்பது ஏழு சுரங்களுக்கு இடையில் உள்ள தூரங்களின் வரிசை. பக்கத்துக் கட்டைக்குப் போனால் அரை. கறுப்பையும் சேர்த்து எண்ணி, நடுவில் ஒன்றைத் தாண்டினால் முழு. முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் இந்த வரிசை மாறாது. தொடங்கும் அந்தக் கட்டைதான் கீ. நம் பேச்சில் ஆதார சட்ஜம், அதாவது ச. பாடகர்கள் சொல்லும் ஒரு கட்டைச் சுருதி என்றால் சி, இரண்டு கட்டை என்றால் டி, ஐந்து கட்டை என்றால் ஜி. மேளகர்த்தா என்ற தாய் ராக வரிசையைப் படித்த பிள்ளைக்கு இந்த ஸ்கேல் 29ஆவது மேளமான தீரசங்கராபரணம் என்று சொன்னால் போதும்.

இப்போது ஜி-யை ச ஆக்குங்கள். ஆறு சுரம் வெள்ளையிலேயே வரும். நி-க்கு மட்டும் எஃப்-ஐ விட்டு எஃப் ஷார்ப் என்ற கறுப்புக் கட்டைக்குப் போக வேண்டும். பழக்கதோஷத்தில் வெள்ளை எஃப்-ஐ அமுக்கும் பிள்ளையை நான் உடனே திருத்துவதில்லை. "இன்னொரு தரம் வாசிங்க, நல்லாக் கேளுங்க" என்பேன். அங்கே பிறந்திருப்பது ஹரிகாம்போஜி ராகம். மேலைநாட்டார் மிக்ஸோலிடியன் என்பார்கள். ஒரே ஒரு கட்டை அரை இறங்கியதில் பாட்டின் முகமே மாறிவிட்டதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

மோட் என்பது இதுதான். வெள்ளைக் கட்டைகளையே வைத்துக்கொண்டு ச-வை நகர்த்துங்கள். டி-யில் டோரியன், நமக்குக் கரகரப்பிரியா. இ-யில் பிரிஜியன், தோடி. எஃப்-இல் லிடியன், கல்யாணி. ஏ-யில் ஏயோலியன், நடபைரவி. பி-யில் தொடங்கினால் சுத்தமான பஞ்சமம், அதாவது ப, கிடைக்காது. அதனால் லோக்ரியன் என்ற அந்த மோடுக்கு ஒத்த மேளகர்த்தா இல்லை. ச-வை நகர்த்தி வேறு ராகம் காணும் கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய பாதை. ஆனால் இங்கே ஒத்துப்போவது சுரத்தானங்கள் மட்டுமே. தோடியின் கமகத்தை, அந்தச் சுர அசைவை, கீபோர்டில் தேடக்கூடாது. அதைக் குரலிலோ வயலினிலோதான் கேட்க வேண்டும்.

டி-யிலிருந்து டி வரை வெறுமனே ஓடினால் மட்டும் டோரியன் ஆகிவிடாது. இடது கையால் கீழே சி-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்: காது சங்கராபரணத்திலேயே நிற்கும். இடது விரலை டி-க்கு மாற்றி அதையே வாசியுங்கள்: கரகரப்பிரியா எழும்பும். வலது கையில் எதுவும் மாறவில்லை, ஆதாரம்தான் மாறியது. சுருதிப் பெட்டி இருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கீ தெரியாததால் பிள்ளைகளின் குரலுக்கும் கேடு வருகிறது. ஆண்கள் வழக்கமாகப் பாடுவது ஒரு கட்டை, இரண்டு கட்டையில். பெண்கள் ஐந்து, ஆறு கட்டையில். பஜனையிலும் சேர்ச் பாடகர் குழுவிலும் வாசிப்பவருக்கு வசதியான கீயில் பெண் பிள்ளைகளைப் பாட வைத்தால், கீழ்ச்சுரத்தில் குரல் அமுங்கிப்போகும், மேலே கத்த வேண்டிவரும். தொண்டை நோகிறது என்று பிள்ளை சொன்னால் பிள்ளையை ஏசாமல் கீயை மாற்றிப் பாருங்கள்.

பெற்றோர் வகுப்பில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சி-க்கு அடுத்து எந்த கீ எடுக்கிறீர்கள்? ப-வை ச ஆக்கினால் ஒரு ஷார்ப் (அரை ஏறிய சுரம்) கூடும், ம-வை ச ஆக்கினால் ஒரு ஃபிளாட் (அரை இறங்கிய சுரம்) கூடும். அதனால் நான் ஜி, எஃப் என்று எடுத்து, பிறகு டி, பி ஃபிளாட்டுக்குப் போகிறேன். தெரிந்த ஒரே பாட்டை இந்த ஐந்து கீயிலும் பொத்தான் தொடாமல் வாசித்த பிறகுதான் புதுப் பாட்டு.