பதிவேட்டைக் குறுக்காகவும் கூட்டுவோம்

நீலகிரியில் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் நான், எந்தத் தலைமை ஆசிரியரிடம் மாணவர் வருகையைப் பற்றிக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே விடைதான் கிடைக்கும்: ‘தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாதுங்க மேடம்.’ அது பொய்யில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் அடியில் போடப்படும் கூட்டல் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் நூறு பிள்ளைகளில் நாள்தோறும் பத்துப் பேர் வரவில்லையென்றால், அந்தப் பத்துப் பேர் தினமும் மாறுகிறார்களா, பெரும்பாலும் அதே பிள்ளைகள்தானா என்பதை அடிக்கூட்டல் சொல்லாது. அதற்குப் பெயருக்கு நேராகக் குறுக்கே, ஜூன் தொடங்கி விடாமல் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாம் மாதக் கூட்டலோடு நிறுத்திவிடுகிறோம்.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்களை வகுத்திருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு 22 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள் சொச்சம். மாதம் இரண்டு நாள் வராத பிள்ளையை இடைநிற்கக்கூடியவள் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் பின்னம் தொடங்கிய அன்று வராதவள், பின்னத்தைப் பெருக்கும் அன்று வந்து வெறுமனே உட்கார்ந்திருப்பாள்.

இதே விஷயத்தை ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், தங்கள் பிள்ளை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதி வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பியபோது, அடிக்கடி வராத பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. ‘மற்ற பிள்ளைகள் இத்தனை நாள்தான் விடுப்பு எடுத்தார்கள்’ என்று ஒப்பிட்டு எழுதியதால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டும் நம் பழக்கத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பதிவேட்டை நானும் வகுப்பாசிரியரும் அப்படிக் குறுக்கே கூட்டியபோது, ஒரு மாணவி நவம்பர் முடிவதற்குள் 19 நாள் வராமல் இருந்தது தெரிந்தது. கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போகும் அவளுடைய தாயை மாலையில் பார்த்தோம். கையில் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. ‘எப்பவாவது ஒரு நாள், ரெண்டு நாளுதாங்க டீச்சர். மத்தபடி போயிட்டுத்தான் இருக்கா’ என்றார். 19 என்று சொன்னதும் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் காரணம் வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை அங்கன்வாடி திறக்காத நாள்கள், அல்லது பணியாளர் கூட்டத்துக்குப் போய்விட்டதால் சீக்கிரம் மூடிய நாள்கள். மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. தாய் ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போகும். மகள் நின்றால் அன்றைக்குக் கைவிட்டு எதுவும் போவதில்லை. அந்தக் குடும்பத்தின் கணக்கில் பிழை இல்லை, மொத்தத் தொகைதான் கண்ணில் படவில்லை. அங்கன்வாடி மூடும் நாள்களை முன்கூட்டியே தெரிவிப்பது என்றும், அன்றைக்குப் பாட்டி முறையுள்ள ஒருவர் குழந்தையை வைத்துக்கொள்வது என்றும் பேசி முடித்தோம்.

காரணம் தெரியாமல் தீர்வை மட்டும் இறக்குமதி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பீகாரில் 2006-இல் தொடங்கிய மாணவியர் மிதிவண்டித் திட்டம், உயர்நிலை வகுப்புகளில் பெண்கள் சேர்க்கையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்த்தியதாக ஆய்வு காட்டுகிறது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் அதிகப் பலன். நம் மாநிலத்திலும் பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி உண்டு. எங்கள் மலை ஏற்றத்தில் அதை ஓட்டுவதைவிடத் தள்ளிக்கொண்டு போவதுதான் அதிகம் (பல வீடுகளில் அது துணி காயப்போடப் பயன்படுகிறது). கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள பாதையில், பனி விலகும் வரை பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் துணிவதில்லை. அங்கே வேண்டியது ஏற்றிச் செல்லும் வண்டியும் வழித்துணையும்தான். அதற்கான படிப்பணம் அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது, கேட்டுப் பெற வேண்டும்.

உடல்நலமும் அப்படித்தான். மேற்குக் கென்யாவில் 75 பள்ளிகளில் நடந்த குடற்புழு நீக்க ஆய்வில், வராத நாள்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2004-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான மைக்கேல் கிரீமர் 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் கணக்குகளில் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், குடற்புழுக்களில் ஒன்றான கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உடலுக்குள் ஏறும் என்பதில் ஐயமில்லை. ஆகவே, செருப்பில்லாமல் தோட்டத்தில் திரியும் பிள்ளைகள் அல்பெண்டசோல் என்னும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் வராமல் போனால், விடுபட்டோருக்கான நாளில் தேடிக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டு விழாவில் ‘நூறு சதவீத வருகை’க்குப் பரிசு தருவதைப் பற்றியும் ஒரு சொல். கலிபோர்னியாவில் அதைச் சோதித்தபோது, முன்னறிவிப்பின்றிப் பரிசு பெற்றவர்கள் அதற்குப் பிறகு கூடுதலாக விடுப்பு எடுத்தார்கள். எதிர்பார்க்கப்பட்டதைவிட அதிகமாகவே வந்துவிட்டோம் என்று பிள்ளைகள் எண்ணியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எப்படியும் வந்துவிடுகிற பிள்ளைக்கே அந்தக் கோப்பை போகிறது என்பது என் குறை.

இந்த ஆண்டு நாங்கள் செய்வது இவ்வளவுதான். மாதக் கடைசியில் குறுக்குக் கூட்டல், பத்தில் ஒரு பங்கைத் தாண்டும் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் பெயரும், ஜூன் முதல் வராத நாள்களின் எண்ணும் மட்டும். அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்பியபோது பாதிச் சீட்டுகள் வழியிலேயே காணாமல் போயின. இப்போது காலை உணவு சமைக்க வரும் மகளிர் குழுப் பெண்களிடம் கொடுக்கிறோம். அவர்கள் அதே ஊர்க்காரர்கள், தங்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிப்பவர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வீட்டில் நின்று வாசித்துக் காட்டிவிட்டே போகிறார்கள்.