மாத்திரை தொடங்கிய தேதி என்ன?

தோலில் தடிப்போடு வருகிறவர்களிடம், தடிப்பைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: "கடந்த 2 மாதத்தில் புதிதாக என்ன மாத்திரை தொடங்கினீர்கள்?" சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் மருந்தாளராக இருப்பதால் வந்த பழக்கம் இது. பதில் அநேகமாக வேறெங்கோ போகும். நேற்றுச் சாப்பிட்ட இறால், கத்திரிக்காய், உடம்புச் சூடு, புதிதாக வாங்கிய சோப்பு. மாத்திரையை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும், "அதைச் சாப்பிட ஆரம்பித்து 10 நாள் ஆகிவிட்டதே, ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்கே வந்திருக்காதா?" என்பார்கள்.

வராது. காணாக்கடி போலத் திட்டுத்திட்டாக வீங்கி அரிக்கும் வகைதான் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தலைகாட்டும். நாங்கள் அதிகம் பார்ப்பது தட்டம்மை போல மார்பிலும் முதுகிலும் தொடங்கிக் கைகால்களுக்குப் பரவும் வகை. மருந்து தொடங்கி 4 முதல் 14 நாளுக்குள் அது வரும். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 7 நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்து, 2 நாள் கழித்துத் தடிப்போடு வருகிறவர் உண்டு. மருந்துதான் முடிந்துவிட்டதே என்று அவர் அதைச் சந்தேகப் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டார். அதே மருந்து முன்பே ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அடுத்த முறை ஓரிரு நாளிலேயே வந்துவிடும். ஆபத்தான வகைகள் இன்னும் தாமதமானவை. தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் பெரும்பாலும் 4 முதல் 28 நாளுக்குள் வரும். காய்ச்சலும் முக வீக்கமுமாக ஈரலையும் தாக்கும் 'டிரெஸ்' 2 முதல் 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 2 மாதக் கணக்கு கேட்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 5 வருடமாகச் சாப்பிட்டுவரும் ரத்த அழுத்த மாத்திரையைச் சந்தேகப்பட்டுத் தானாகவே நிறுத்திவிட்டு, அழுத்தம் எகிறிய நிலையில் வருவார்கள். பழைய மருந்து திடீரென்று தடிப்பைத் தருவது அபூர்வம். விதிவிலக்கு ஒன்றுண்டு: எனலாப்ரில், லிசினோப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் ஆண்டுகள் கழித்தும் உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கலாம். அதில் அரிப்புகூட இருக்காது.

அடுத்தது நிறம். துண்டுப்பிரசுரங்களில் 'சிவந்த புள்ளிகள்' என்று போட்டிருக்கும். நம்மில் பலருடைய தோலில் சிவப்பு தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாக, சில சமயம் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கருத்த நிழலாக மட்டும் இருக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு கண்ணைவிடக் கைக்கு முன்னதாகத் தெரியும். உள்ளங்கை, வாயின் உட்புறம், கண்ணின் வெள்ளைப் பகுதி ஆகியவற்றை மறக்காதீர்கள்.

காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் நம் வீடுகளில் 'அம்மை' என்று முடிவாகிவிடும். வேப்பிலை வந்துவிடும், குளியல் நின்றுவிடும். நம்பிக்கையைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தலைமாட்டில் வேப்பிலை இருக்க, தடிப்பைக் கொடுத்த அதே மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அம்மையா மருந்தா என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், அரிப்பைவிட வலியும் எரிச்சலும் மேலோங்கிய தோல், கொப்புளம், தொட்டால் உரியும் தோல், முக வீக்கம், அதிகக் காய்ச்சல். மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, தலைசுற்றி விழுதல் என்றால் ஆம்புலன்சுக்கு 995. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் முற்றி உடலின் பெரும்பகுதித் தோல் கழன்றுவிடும் நிலையில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேர் பிழைப்பதில்லை. காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

இந்த நோயைத் தரும் மருந்துகளில் இரண்டைப் பற்றிச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இதனால் ஆபத்து பல மடங்கு. அந்த வகை ஆசியரிடையே அதிகம். சீனர், மலாய்க்காரர் அளவுக்கு இல்லாவிட்டாலும் இந்தியரிடமும் உண்டு. 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்வது இங்கே வழக்கமான சிகிச்சைமுறை. ஊரிலிருந்து யாராவது இந்த மாத்திரையை வாங்கி அனுப்பினால் அந்தப் பரிசோதனை நடந்திருக்குமா என்பது சந்தேகமே. இன்னொன்று, யூரிக் ஆசிட்டுக்கான அலோபியூரினால். முதல் 2 மாதங்களில், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சின்னத் தடிப்பையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் குடும்பத்தையே கலைத்துவிடக்கூடிய ஒரு வகையும் இருக்கிறது. நாணயம் போல வட்டமாக, கருஞ்சிவப்பாக ஓரிடத்தில் வரும், எரியும், சில சமயம் கொப்புளிக்கும். பிறகு ஆறிக் கரும்புள்ளியாக நிற்கும். அதே மருந்தை மறுபடி சாப்பிட்டால் சில மணி நேரத்தில் அச்சு அசலாக அதே இடத்தில் திரும்பும். உதடு, கை, ஆணுறுப்பு அதற்குப் பிடித்த இடங்கள். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஊழியர், முதுகுவலி வரும்போது மட்டும் ஆர்காக்சியாவோ வேறு வலி மாத்திரையோ போடுவார். எப்போதாவது சாப்பிடுவதால் இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றாது. பிறப்புறுப்பில் புண் என்றதும் பால்வினை நோய் என்று அவரே நடுங்குவார், தங்குவிடுதியில் யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னால் நண்பர் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். அது டாக்சிசைக்கிளினாகவோ கோ-டிரைமாக்சசோலாகவோ இருந்தால், அவையே இதே புண்ணைத் தரக்கூடியவை! "ஒவ்வொரு முறையும் அதே இடமா?" என்ற ஒரு கேள்வியில் பாதி விஷயம் தெளிந்துவிடும். பரிசோதனைகள் செய்து நிம்மதி அடைவது தனி.

சாதாரணத் தடிப்பு என்றால், சந்தேகமான புது மருந்தின் அடுத்த வேளையைப் போடுமுன் அன்றைக்கே மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள். வலிப்பு, இதயம், ரத்தம் உறையாமைக்கான மருந்துகளை மட்டும் தானாக நிறுத்தவே வேண்டாம். உடனே போய்க் காட்டுங்கள். நிறுத்திய பிறகும் சில நாள் தடிப்பு கூடலாம், பயப்பட வேண்டாம். அடங்க 1 அல்லது 2 வாரம் ஆகும், அடங்கும்போது தோல் லேசாக உரியும். அதுவரை அரிப்புக்குச் செட்டிரிசின், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு, வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு போதும். ஊரிலிருந்து வந்த 'எல்லாம் கலந்த' டியூபைத் தடவாதீர்கள். அதில் வீரியமான ஸ்டீராய்டும் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இருந்தால் நியோமைசினே ஒவ்வாமை தரும். கரும்புள்ளி மறைய மாதக்கணக்காகும், வெளுக்கும் கிரீம் தேவையில்லை. அதுதானா என்று பார்க்க இன்னொரு மாத்திரை போட்டுப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

மருத்துவரிடம் போகும்போது அத்தனை மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்தது, சித்த மருந்து, சத்து மாத்திரை, இணையத்தில் வாங்கிய மூட்டுவலி உருண்டை எல்லாம். இத்தகைய மூலிகைப் பொருள்கள் சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. தனியார் மருந்தகத்தில் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்களே, அதன் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்து எறியாதீர்கள், மருந்தின் பெயரும் தேதியும் அதில்தான் இருக்கும். தடிப்பைப் பகலில் படம் எடுத்து வையுங்கள். பார்க்கும் நாளில் அது மங்கியிருக்கலாம்.

எழுதி வைப்பது வணிகப் பெயராக இருக்கக் கூடாது. 'பனடோல் ஒவ்வாது' என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர் அனாரெக்ஸ் போடுவார், ஊருக்குப் போனால் டோலோ 650 போடுவார். மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், ஒவ்வாமை வந்த தேதி, என்ன வந்தது என்ற மூன்றையும் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். 'பென்சிலின் ஆகாது' என்று சிறுவயதில் யாரோ சொன்னதைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் பரிசோதனை பற்றிக் கேட்கலாம்; அப்படிச் சொல்லிக்கொள்பவர்களில் 10 பேரில் 9 பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது என்பதுதான் வெளிநாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.