மலைத்தீயை அணைக்கப் போகிறீர்களா? முதலில் பேரை எழுதச் சொல்லுங்கள்

மாசி பிறந்துவிட்டால் சேலத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். இருட்டியபின் மொட்டை மாடிக்குப் போனால் கண் தானாகச் சேர்வராயன் மலைப் பக்கம் திரும்பும். சில ராத்திரிகளில் மலையின் இடுப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு நெளிந்துகொண்டிருக்கும். படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். காலையில் பார்த்தால் கோடு இருக்காது. யாரோ அணைத்திருப்பார்கள்.

அந்த யாரோவில் வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று அரசுச் சம்பளக்காரர்கள் சிலர். மற்றவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீ சீசனுக்கு மட்டும் எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்கள், அப்புறம் பக்கத்து ஊர்களிலிருந்து கூப்பிடப்படும் கூலி ஆட்கள். தீயணைப்பு வண்டி ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடும். ஆனால் ரோட்டை விட்டு இறங்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சரிவில் வேலை செய்வது கையில் ஒடித்த பச்சைத் தழைதான். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும். தழையைத் தீயின் ஓரத்தில் அழுத்தி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். மணிக்கணக்கில்.

போன கோடையில் அடிவாரத்து டீக்கடை ஒன்றில் அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தேன். ரப்பர் செருப்பின் ஓரம் உருகி வளைந்திருந்தது, ஒரு பக்கப் புருவத்தில் முடியே இல்லை. "புல்லுத் தீ ஒண்ணும் பண்ணாதுங்க. மூங்கப் புதர்ல ஏறுச்சுன்னாத்தான், பட்டாசாட்டம் வெடிக்கும்" என்றார். அடிகிடி பட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "நாங்க தினக்கூலிங்க. எங்களுக்கு என்ன சட்டம் இருக்குது?" என்றார்.

இருக்கிறது. அதுவும் நேற்று வந்ததல்ல.

வேலை செய்யும்போது விபத்தில் அடிபட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று சொல்வது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். எந்தெந்த வேலைக்காரர்களுக்கு அது பொருந்தும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பட்டியல் போடுகிறது. பனையேறுவோர், மரம் வெட்டுவோர் வரும் அதே வரியில் காட்டுத்தீயைக் கட்டுப்படுத்துவோரும் அணைப்போரும் பேர் சொல்லியே இருக்கிறார்கள். 'தற்காலிக ஆள்' என்று ஒதுக்கும் வாசகம் முன்பு இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அரசுத் துறையே வேலைக்கு வைத்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அந்தத் துறை முதலாளிதான். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. சட்டத்தின் பேர் மாறியது, இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, அவர் வயதுக்கென்று அட்டவணையில் இருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறைவாக இருந்தால் எண் பெரிது: 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17. மாதம் 12,000 ரூபாய் வாங்கிய நாற்பது வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 6,000. அதை 184.17ஆல் பெருக்கினால் 11,05,020 ரூபாய். இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி நிரந்தரமாக முடங்கிவிட்டால் பாதிக்குப் பதில் 60 சதவீதம் எடுத்துப் பெருக்க வேண்டும். அதே ஆளுக்கு 13,26,024 ரூபாய் வரும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுப்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு; 2020 ஜனவரியில் அதை 8,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக்கினார்கள். தீக்காயத்துக்கு ஆன மருத்துவச் செலவு இதில் சேராது, அதைத் தனியாகத் தர வேண்டும்.

இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் போடலாம்.

குடும்பங்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாவு வீட்டில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு 'முடிந்தது' என்பார்கள். முடியாது. மரணத்துக்கான இழப்பீட்டை, தொழிலாளர் துறையில் இதற்கென இருக்கும் அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்த பணத்தில் முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரைதான் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே வாங்கிய பணத்துக்காகக் கூச்சப்பட்டு மனு போடாமல் இருந்துவிட வேண்டாம். விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். "ஷூ போடச் சொன்னோம், அவர்தான் கேட்கவில்லை" என்ற வாதம் மரணத்திலும் முழு முடக்கத்திலும் எடுபடாது.

கான்ட்ராக்டர் மூலம் போனவர்களுக்கு? வேலை யாருக்காக நடந்ததோ அவர்களிடமே கேட்கலாம். அவர்கள் கான்ட்ராக்டரிடம் பின்னால் வசூலித்துக்கொள்ளட்டும். காபி எஸ்டேட் எல்லையில் தீ வந்து, முதலாளி தன் ஆட்களை அனுப்பினால் அங்கே பொறுப்பு அவருடையது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்கள் மட்டும் அந்த வழியில் போக வேண்டும்.

சரி, இதற்கெல்லாம் ஆதாரம் என்ன? மஸ்டர் ரோல், அதாவது அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதியும் ஏடு. அதில் பேரும் தேதியும் இருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. அது இல்லாதபோதுதான் இழுபறி. ராத்திரி ஒன்பது மணிக்கு தீ என்று போன் வருகிறது, நாலு பேர் ஓடுகிறார்கள், எழுதுவதெல்லாம் மறுநாள். மறுநாள் வரும் என்பது நிச்சயமில்லாத வேலையில் இது தலைகீழான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

பணம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. மத்திய அரசின் காட்டுத்தீ தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டம் 2017-18 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குச் செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. தீ தாண்டாமலிருக்கப் புல்பூண்டை நீக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, கண்காணிப்புக் கோபுரம், தீக்காவலர் கூலி, கருவிகள் எல்லாம் அதில் அடக்கம். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் சூட்டைப் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. விருப்பமுள்ள பொதுமக்களும் பதிந்துகொள்ளலாம். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம். மரநிழலுக்கு அடியில் ஊரும் சின்னத் தீ அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். தீயைப் பார்த்தால் வனச்சரக அலுவலகத்துக்கோ 101க்கோ 112க்கோ சொல்லுங்கள்.

சுற்றுலா வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காப்புக்காட்டில் தீ வைப்பதும், பரவும்படி எரியவிட்டுப் போவதும் தமிழ்நாடு வனச் சட்டம் 1882, பிரிவு 21இன்படி குற்றம். வளைவில் வண்டியை நிறுத்திக் காட்டுக்குள் சமைத்துவிட்டு அடுப்பை அணைக்காமல் போவதும் இதில்தான் வரும். அனுமதி இல்லாமல் மலையேற்றம் போவதைத் தடுக்க, குரங்கணித் தீவிபத்துக்குப் பின் 2018இல் தனி விதிகள் வந்தன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள்.

சரிவில் தீ எப்படி நடக்கும் என்று அணைக்கப் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் காற்றும் மலைமேல் நோக்கியே வீசும். அதனால் தீக்கு மேலே, புல்லும் உண்ணிச்செடியும் அடர்ந்த ஓடைப் பள்ளத்தில் நிற்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் உச்சியைப் பார்த்து ஓடாமல், ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே எரிய மிச்சம் இருக்காது. நைலான் சட்டை வேண்டாம், பருத்திச் சட்டை போடுங்கள்.

ஊர் இளைஞர்கள் நல்ல மனதோடு சும்மா உதவிக்கு ஏறுகிறார்கள். கூலி இல்லாமல் போனவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை, மேலே சொன்ன கணக்கு எதுவும் அவருக்குப் பொருந்தாது. அதனால் வனத்துறை ஆள் கூப்பிட்டால், "அண்ணா, இன்னைக்குத் தேதியில எங்க பேரை எழுதிக்குங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. மஸ்டர் ரோல் அலுவலகத்தில் இருக்கிறது என்றால், ஒரு தாளில் எல்லார் பேரும், வயதும், கூப்பிட்டவர் பேரும், நேரமும் எழுதிப் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். இரண்டு நிமிட வேலை.