34 நாட்: புயலுக்குப் பெயர் வைக்கும் நேரமும் கப்பல் பயணக் காப்பீடும்

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை. மெக்சிகோ வளைகுடாவில் காலையில் வெறும் எண்ணோடு கிடந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கு மதியத்துக்கெல்லாம் பெயர் வந்துவிட்டது: மில்டன். திங்கட்கிழமை அது ஐந்தாம் வகைச் சூறாவளி, வகைகளில் ஆக உச்சமானது. புதன்கிழமை இரவு ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், சியெஸ்டா கீ அருகே கரையைக் கடந்தது. அதற்குள் தாம்பா, ஒர்லாண்டோ விமான நிலையங்கள் மூடியிருந்தன. தாம்பா துறைமுகமும், எதிர்க்கரையில் உல்லாசக் கப்பல்கள் புறப்படும் கனாவெரல் துறைமுகமும் மூடியிருந்தன.

அந்த வியாழக்கிழமை கனாவெரலில் கப்பல் ஏற டிக்கெட் எடுத்திருந்த இரண்டு குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை மாலை பயணக் காப்பீடு எடுத்தது. இன்னொரு குடும்பம் செய்தியைப் பார்த்துப் பதறி, சனிக்கிழமை மாலை எடுத்தது. ஒரே நிறுவனம், ஒரே பாலிசி, ஒரே பிரீமியம். பெரும்பாலான பாலிசிகளின் விதிப்படி முதல் குடும்பத்துக்குப் பணம் திரும்ப வழி உண்டு. இரண்டாவது குடும்பம் மில்டனின் பெயரைச் சொல்லி ஒரு காசு கேட்க முடியாது.

இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் புயலின் காற்று 34 நாட் வேகத்தைத் தாண்டியது.

நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 34 நாட் என்றால் மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர். இந்த எண் பழைய மாலுமிகளின் கணக்கிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் காற்றுக்கு ஒரு படிவரிசை எழுதத் தொடங்கினார். அதில் எட்டாம் படி 34 நாட்டில் ஆரம்பிக்கிறது. கரையில் நின்றால் மரங்களின் சிறு கிளைகள் முறிந்து விழும், காற்றை எதிர்த்து நடக்கச் சிரமப்படுவோம். கடலில் அலையின் உச்சி பிய்ந்து திவலையாகப் பறக்கும், நுரை காற்றின் திசையில் வெள்ளைக் கோடுகளாக நீளும். இந்தப் படியைத் தொட்டதும் அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையம் பெயர்ப் பட்டியலிலிருந்து அடுத்த பெயரை எடுத்து வைக்கிறது. வங்கக் கடலிலும் இதே கணக்குதான். 2023 டிசம்பரில் சென்னையைத் தண்ணீரில் மிதக்க வைத்த மிக்ஜாமும் இந்த வேகத்தைத் தொடும்வரை பெயரில்லாமல்தான் இருந்தது.

நடுக்கடலில் போய் யார் அளக்கிறார்கள்? மிசிசிப்பியில் உள்ள கீஸ்லர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் புயலுக்குள்ளேயே பறக்கின்றன. உள்ளே போனதும் ஒரு நீளமான குழாய்க் கருவியைக் கீழே போடுவார்கள். அது சின்னப் பாராசூட்டில் இறங்கிக்கொண்டே காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் வானொலியில் அனுப்பிவிட்டுக் கடலில் விழுந்துவிடும். செயற்கைக்கோள்களும் உதவுகின்றன. எல்லாவற்றையும் வைத்து, மயாமியில் உள்ள அந்தச் சூறாவளி மையத்தில் பணிநேரத்தில் இருக்கும் வானிலையாளர் ஒரு முடிவுக்கு வருகிறார். வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை. மில்டன் விஷயத்தில் அதற்குக்கூடக் காத்திருக்காமல் இடையிலேயே பெயரை அறிவித்தார்கள்.

காப்பீட்டு நிறுவனங்கள் இந்தப் பெயரையே ஏன் பிடித்துக்கொண்டன? காப்பீட்டின் அடிப்படையே, நாளை யாருக்கு நஷ்டம் வரும் என்று இன்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான். ஆயிரம் பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட பணத்திலிருந்து அடிபட்ட பத்துப் பேருக்குக் கொடுக்கிறார்கள். புயல் கண்ணுக்குத் தெரிந்தபின் வாங்க வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே அடிபடப்போகிறவர்கள். புயலில் இன்னொரு தொல்லையும் உண்டு. கார் விபத்து ஆளாளுக்குத் தனியாக நடக்கும். புயலோ ஒரே நாளில் எல்லோரையும் பிடிக்கும். ஊர் முழுக்க ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்தால் வாடகைப் பாத்திரக் கடையில் அண்டா போதுமா? அதனால் எங்காவது ஒரு கோடு போட்டே ஆகவேண்டும். யாரும் தனக்குச் சாதகமாக வளைக்க முடியாத, தேதியும் நேரமும் பதிவான கோடாக அது இருக்க வேண்டும். அரசு நிறுவனம் வைக்கும் பெயர் அதற்கு வசதியாக அமைந்துவிட்டது. பெயர் வந்தபின் அந்தப் புயல் ‘முன்பே தெரிந்த நிகழ்வு’. பாலிசி மற்ற எல்லாவற்றுக்கும் செல்லும், அந்தப் புயலுக்கு மட்டும் செல்லாது.

இதோடு ஒரு சின்ன விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பயண ரத்துக்கான பாதுகாப்பு, பணம் கட்டிய அந்த நிமிடத்தில் பொதுவாகத் தொடங்குவதில்லை. மறுநாள் நள்ளிரவு 12.01-க்குத்தான் தொடங்கும். சனிக்கிழமை காலை, பெயர் வருவதற்கு முன்பே வாங்கியிருந்தாலும் சிக்கல்தான்.

“பெயர் வருவதற்கு ஒரு நாள் முன்னால் வாங்கிக்கொண்டால் போயிற்று” என்று சிலர் சொல்கிறார்கள். இது நடக்காத காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம் கடலின் வெப்பத்தில் இருக்கிறது. சூறாவளிக்கு எரிபொருள், சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடான கடல்நீரிலிருந்து எழும் ஆவி. அது மேலே போய் நீராகும்போது வெளிவிடும் வெப்பம்தான் புயலை ஓட்டுகிறது. ஆனால் புயலே கடலைக் கலக்கி, அடியில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலே இழுத்துக்கொள்ளும். அதுவே அதற்குப் பிரேக். மேற்குக் கரீபியனிலும் மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளிலும் சூடான நீர் மிக ஆழம்வரை இருக்கிறது. அங்கே எவ்வளவு கலக்கினாலும் சூடான நீரே மேலே வரும், பிரேக் பிடிக்காது. இருபத்துநான்கு மணி நேரத்தில் காற்று 30 நாட் கூடினாலே அதை அதிவேகத் தீவிரமடைதல் என்கிறார்கள். மில்டன் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. 2024 ஜூன் 28 இரவு பெயர் பெற்ற பெரில், ஜூலை 1-ஆம் தேதியே நான்காம் வகைச் சூறாவளியாகக் கிரெனடாவின் கரியாக்கு தீவை நொறுக்கிவிட்டது. புயல் போகும் பாதையை இன்று நன்றாகவே கணிக்கிறார்கள். அதன் பலம் எப்போது எகிறும் என்பது இன்னும் கடினமான கேள்வி.

சரி, கப்பலுக்கு வருவோம். பலர் பயப்படுவது கப்பல் புயலுக்குள் மாட்டிக்கொள்ளும் என்று. அது அரிது. கரீபியனில் சூறாவளி பெரும்பாலும் 10, 12 நாட் வேகத்தில் நகரும். பெரிய உல்லாசக் கப்பல் 20 நாட்டுக்கு மேல் ஓடும். மாலுமிகளிடம் ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்று ஒரு விதி இருக்கிறது. புயலில் 34 நாட் காற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ, அதோடு ஒரு நாள் கழித்து வரும் நிலைக்கு 100 கடல் மைல், இரண்டு நாளுக்கு 200, மூன்று நாளுக்கு 300 என்று கூட்டி வட்டம் போடுவார்கள். கணிப்பு தவறக்கூடிய அளவையும் சேர்த்த வட்டம் அது. அந்த வட்டத்துக்குள் கப்பல் போகாது. மறுபடியும் அதே 34.

கப்பல் தப்பித்துவிடும். நம் பயணத் திட்டம்தான் தப்பிக்காது. கிழக்குக் கரீபியன் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு மேற்குக் கரீபியனுக்குப் போகலாம், ஒரு தீவை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கடலிலேயே இருக்கலாம். டிக்கெட் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. போகாத துறைமுகத்தின் வரியும் கட்டணமும் திரும்பும், அவ்வளவுதான். பல பேருக்குக் கோபம் வருவது இங்கேதான். வானம் நீலமாக இருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, ஆனால் கிராண்ட் கேமனில் இறங்க முடியாது என்பார்கள். அந்தத் தீவின் துறைமுகமான ஜார்ஜ் டவுனில் உல்லாசக் கப்பல் அணையும் மேடை கிடையாது. கப்பல் தள்ளி நிற்க, சிறு படகுகளில்தான் கரைக்குப் போக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சூறாவளி கிளப்பிய நீண்ட அலைகள் சக்தி அதிகம் குறையாமல் அவ்வளவு தூரம் வந்து சேரும். பெரிய கப்பலுக்கு அது லேசான தாலாட்டு. பக்கத்தில் நிற்கும் படகோ கப்பலின் கதவுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும். வயதானவர்களை அதில் காலெடுத்து வைக்கச் சொல்ல எந்தக் கேப்டனும் துணியமாட்டார். சாதாரணப் பாலிசிகளில் பல இப்படி விட்டுப்போன துறைமுகத்துக்குப் பணம் தராது. கப்பல் பயணத்துக்கென்றே தயாரித்த சில பாலிசிகளில் ‘பயணத்திட்ட மாற்றம்’ என்ற தலைப்பில் ஒரு சிறு தொகை இருக்கும்.

உண்மையான பண நஷ்டம் கப்பலுக்கு முன்னும் பின்னும்தான் நடக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை துறைமுகங்களுக்கு நான்கு நிலைகளை அறிவிக்கும்: விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஜூலு. சூறாவளியின் முதல் பலத்த காற்று (அதே 34 நாட்தான்) 72 மணி நேரத்தில் வரலாம் என்றால் விஸ்கி, 48 என்றால் எக்ஸ்ரே, 24 என்றால் யாங்கி, 12 என்றால் ஜூலு. யாங்கியில் உள்ளே வரும் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள், ஜூலுவில் துறைமுகமே மூடும். 2017 ஆகஸ்டில் ஹார்வி டெக்சாஸைத் தாக்கியபோது கால்வெஸ்டனுக்குத் திரும்ப வேண்டிய கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. சில கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், விரும்பியவர்களை அங்கே இறங்கச் சொன்னார்கள். தவறிய விமானம், புதிய டிக்கெட், இரண்டு நாள் ஹோட்டல், வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் பயணியின் தலையில்.

ஆகவே பாலிசியில் நான் முதலில் பார்ப்பது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகையை அல்ல, எத்தனை மணி நேரம் என்பதை. விமானமோ கப்பலோ வானிலையால் சேவையை முழுமையாக நிறுத்தினால்தான் ரத்துத் தொகை என்று இருக்கும். எவ்வளவு நேரம் நிறுத்தினால்? சிலவற்றில் 12 மணி நேரம், சிலவற்றில் 24, சிலவற்றில் 48. கப்பல் ஏறப் போகிறவருக்கு 48 மணி நேர விதியால் பயனே இல்லை. விமானம் பத்து மணி நேரம் தாமதித்தாலே கப்பல் போய்விடும். அதனால் ‘தவறிய இணைப்பு’ என்ற பிரிவைப் பாருங்கள். மூன்று மணி நேரத் தாமதத்துக்கே பணம் தந்து, அடுத்த தீவில் போய்க் கப்பலைப் பிடிக்கும் செலவையும் ஏற்கும் பாலிசிகள் இருக்கின்றன. பயணத்துக்கு ஓரிரு நாள் முன்னால் அந்த ஊருக்குச் சூறாவளி எச்சரிக்கை வந்தாலே ரத்து செய்துகொள்ளலாம் என்ற பிரிவும் சில பாலிசிகளில் உண்டு. அது இருந்தால் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கொடுக்கலாம். எந்தப் பாலிசி எடுத்தாலும் கப்பல் கிளம்பும் ஊருக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பயமாக இருக்கிறது, போகப் பிடிக்கவில்லை என்பது சாதாரணப் பாலிசியில் காரணமே அல்ல. அதற்கென்று ‘எந்தக் காரணத்துக்கும் ரத்து’ என்ற கூடுதல் வசதி உண்டு. செலவில் 50 முதல் 75 சதவீதம் திரும்பும். ஆனால் முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் வாங்க வேண்டும், திரும்பப் பெற முடியாத செலவு முழுவதையும் காப்பீட்டில் காட்ட வேண்டும், கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். கப்பல் நிறுவனமே விற்கும் திட்டத்தில் இப்படி ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் வராது, அடுத்த பயணத்துக்கான வரவாகத்தான் வைப்பார்கள். தனியாக எடுத்த விமான டிக்கெட் அதில் சேருமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்திருக்கும் அப்பா அம்மாவை மயாமியில் கப்பல் ஏற்றிக் கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு எடுத்திருக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் முக்கியமாக மருத்துவச் செலவுக்கானது. பஹாமாஸ் கடலில் அது செல்லுமா, கப்பலில் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுமா, பழைய சர்க்கரையும் இதய நோயும் அதில் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். புயலை ஒதுங்கிப் போகும் கப்பல் நல்ல மருத்துவமனையிலிருந்தும் ஒதுங்கிப் போகிறது. நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரிலும் தனி விமானத்திலும் நோயாளியைக் கொண்டுவரப் பல்லாயிரம் டாலர் ஆகும். பணம் குறைவாக இருந்தால் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். அந்த மாதங்களில் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விலை குறைவு, கூட்டமும் குறைவு. வெனிசுலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரூபா, பொனைர், குராசாவ் தீவுகளைச் சூறாவளி நேரடியாகத் தாக்குவதும் அபூர்வம். ஆனால் முன்பணம் கட்டும் நாளிலேயே பாலிசியும் எடுத்துவிடுங்கள். அன்று அட்லாண்டிக்கில் உங்கள் பயணத்தைக் கெடுக்கப்போகும் புயல் பிறந்துகூட இருக்காது. அமெரிக்காவில் வாங்கும் பெரும்பாலான பாலிசிகளில், எடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் கிடைக்கும். ஒரு சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து அதன் விதிகளைப் படித்து, மணிக்கணக்கு வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட அந்த அவகாசம் போதும்.